ஒரே வாக்கியம், இரண்டு பாதி: ஸ்காட் கிராஸ்ஃபீல்டின் கடைசிப் பயணம்

ஞாயிறு காலையில் சிங்கப்பூரில் தேக்கா பக்கத்துக் காப்பிக்கடையில் நாங்கள் நாலைந்து பேர் கூடுவது வழக்கம். எல்லாருமே ஏதோ ஒரு காலத்தில் விமானத்தோடு மாரடித்தவர்கள். நான் சிலேத்தார் விமான நிலையத்தில் ஸ்பானர் பிடித்தே தலை நரைத்தவன். எதிரே உட்காரும் அண்ணன் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். என் அக்கா மகன் வார இறுதியில் குட்டி விமானம் ஓட்டுகிறவன். அவன் வந்தால் மேசை கொஞ்சம் சூடாகும்.

அன்றைக்கு அவன் கைப்பேசியை நீட்டி, "மாமா, இந்தக் கேஸைப் பாருங்க. உலகத்துலேயே பெரிய பைலட். கன்ட்ரோலர் ஒரு வார்த்தை சொல்லாததால செத்துப்போனார்" என்றான். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதே பக்கத்தைப் படித்தார். "எங்கப்பா அப்படிப் போட்டிருக்கு? வானிலையைக் கேக்காம போனார்னுல்ல போட்டிருக்கு?"

வேடிக்கை என்னவென்றால், இரண்டு பேரும் படித்தது ஒரே வாக்கியத்தைத்தான். அவன் பின்பாதியைப் படித்தான், அவர் முன்பாதியைப் படித்தார். முழு வாக்கியத்தையும் படிக்க வைப்பதற்குள் என் தே தாரிக் (இழுத்து ஆற்றிய பால் தேநீர்) ஆறிவிட்டது. அந்தச் சண்டையில்தான் இதை எழுதி வைக்கலாம் என்று தோன்றியது.

யார் இவர்

ஆல்பர்ட் ஸ்காட் கிராஸ்ஃபீல்ட், 1921இல் கலிஃபோர்னியாவின் பெர்க்லியில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் கடற்படை விமானி. போர் முடிந்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் விமானப் பொறியியல் படித்தார். 1950இல், இன்றைய நாசாவுக்கு முன்னோடியான நாகா அமைப்பில் சோதனை விமானியாகச் சேர்ந்தார். இடம் எட்வர்ட்ஸ் விமானத் தளம். பாலைவனமும் வறண்ட ஏரிப் படுகைகளுமான ஊர். ஆள் விழுந்து செத்தாலும் யார் வீட்டுக் கூரையும் உடையாது என்பதற்காகவே தேர்ந்தெடுத்தது போன்ற இடம்.

1953 நவம்பர் 20. டக்ளஸ் ஸ்கைராக்கெட் என்ற ராக்கெட் விமானத்தை ஒரு பி-29 குண்டுவீச்சு விமானத்தின் வயிற்றில் மாட்டி மேலே கொண்டுபோய் விடுவித்தார்கள். கிராஸ்ஃபீல்ட் அதை 72,000 அடி வரை ஏற்றி, அங்கிருந்து மூக்கைச் சற்றுக் கீழே சாய்த்தார். மணிக்கு 1,291 மைல். ஒலியைவிட இரண்டு மடங்கு வேகத்தில் பறந்த முதல் மனிதர் அவர்தான்.

அப்புறம் எக்ஸ்-15 என்ற ராக்கெட் விமானம். அதை ஓட்டியவர் மட்டுமல்ல அவர், நார்த் அமெரிக்கன் நிறுவனத்தில் அதன் வடிவமைப்போடு கூடவே வளர்ந்தவர். 1959 ஜூன் 8 அன்று என்ஜின் ஓடாமல், வெறும் சறுக்கலாக அதை முதன்முறை தரையிறக்கினார். தரை நெருங்கும்போது மூக்கு மேலும் கீழுமாக ஆடத் தொடங்கியது, அப்படியே சமாளித்து உட்கார வைத்தார். அதே ஆண்டு நவம்பரில் நடுவானில் என்ஜின் வெடித்தது. அவசரமாக இறக்கியபோது உடல்பகுதி முதுகு முறிந்தது, அவர் இறங்கி நடந்தார். 1960 ஜூனில் தரையில் புதிய என்ஜினைச் சோதித்தபோது விமானத்தின் பின்பாதியே வெடித்துப் போனது. முன்னால் விமானி அறையில் உட்கார்ந்திருந்தவர் இவர்.

எனக்குப் பிடித்த கதை வேறு. 1954இல் ஓர் எஃப்-100 போர்விமானத்தில் தீ எச்சரிக்கை விளக்கு எரிந்தது. என்ஜினை அணைத்துவிட்டு அப்படியே இறக்கினார். என்ஜின் இல்லாமல் அந்த விமானத்தை இறக்கவே முடியாது என்று பலர் நினைத்திருந்த காலம். அருமையான தரையிறக்கம். அதோடு நிற்காமல், உருளும் வேகத்திலேயே ஹேங்கர், அதாவது விமானக் கொட்டகை வரைக்கும் கொண்டுபோய் நிறுத்தலாம் என்று ஆசைப்பட்டார். ஹைட்ராலிக் அழுத்தம் தீர்ந்துவிட்டது, பிரேக் பிடிக்கவில்லை. விமானத்தின் மூக்கு ஹேங்கர் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே எட்டிப் பார்த்தது. ஒலிச்சுவரை உடைத்தது நான், ஹேங்கர் சுவரை உடைத்தது கிராஸ்ஃபீல்ட் என்று, ஒலியின் வேகத்தை முதலில் தாண்டிய விமானி சக் யேகர் கிண்டல் செய்ததாகச் சொல்வார்கள்.

இந்தக் கதையைப் பட்டறைப் பையன்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறேன். கை சரியாகத்தான் வேலை செய்தது. கையிருப்பில் என்ன மிச்சம் இருக்கிறது என்ற கணக்கு மட்டும் ஒரு நிமிடம் பழசாகிவிட்டது. இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

2006 ஏப்ரல் 19

அலபாமாவில் உள்ள விமானப்படைத் தளம் ஒன்றில் இளம் அதிகாரிகளுக்கு உரையாற்றிவிட்டு, மறுநாள் வீட்டுக்குக் கிளம்பினார். வயது 84. பிராட்வில் என்ற சிற்றூர் விமான நிலையத்திலிருந்து வர்ஜீனியாவின் மனாசஸ் வரை பயணம். தனியாக, தன்னுடைய சொந்த செஸ்னா 210ஏ விமானத்தில்.

அந்த விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. 1960களின் தொடக்கத்தைச் சேர்ந்த ரகம். ஒற்றை என்ஜின், ஆறு சிலிண்டர், 260 குதிரைத்திறன், நாலு இருக்கை. இறக்கை மேலே, தாங்குகம்பி கீழே, சக்கரம் உள்ளே மடங்கும். நன்றாகப் பராமரித்தால் பேரன் காலம் வரைக்கும் ஓடும். இந்த வகை விமானங்களின் உடற்கட்டுக்கு வகுத்த எல்லை 3.8 ஜி. அதாவது விமானத்தின் எடை 3.8 மடங்கு ஆனாற்போல் இறக்கையை அழுத்தினாலும் தாங்க வேண்டும். அதற்கு மேல் பாதுகாப்புக்காக ஒன்றரை மடங்கு இடைவெளி உண்டு. அதற்கும் மேலே போனால் உலோகத்துக்கும் மனிதனுக்கும் கடவுள்தான் துணை.

புறப்படுமுன் வானிலை விவரம் வாங்கிக்கொண்டார். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். ஏதோ கிழவர் கண்ணை மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார் என்பது போலப் பேசுகிறார்கள். அப்படி இல்லை. காலையில் கையில் இருந்த படம், காலை நேரத்து வானத்துக்குச் சரியான படம்.

ஜார்ஜியாவுக்குள் நுழைந்தபோது 11,000 அடியில், கருவிகளைப் பார்த்துப் பறக்கும் அனுமதியோடு, அட்லாண்டா கட்டுப்பாட்டு மையத்தின் பொறுப்பில் இருந்தார். காலை பதினொன்று தாண்டிச் சற்று நேரம். வானிலைக்காகத் தெற்கே விலக வேண்டும் என்று வானொலியில் கேட்டார். கட்டுப்பாட்டாளர் சரி என்றார். விமானம் வலப்பக்கம் திரும்பத் தொடங்கியது. அப்புறம் பேச்சு இல்லை. உயரம் மளமளவென்று இறங்கியது. 5,500 அடியில் ரேடார் திரையிலிருந்து மறைந்தது.

காணாமல் போன விமானங்களைத் தேடும் சிவில் ஏர் பெட்ரோல் தொண்டூழியர்கள் மறுநாள் வடமேற்கு ஜார்ஜியாவில் லட்வில் அருகே மரங்கள் அடர்ந்த மலைப்பகுதியில் சிதைவுகளைக் கண்டுபிடித்தார்கள். கால் மைல் வட்டத்துக்குள் மூன்று இடங்களில் துண்டுகள் கிடந்தன. தரையில் மோதுமுன், தாழ்வான உயரத்திலேயே விமானம் உடையத் தொடங்கிவிட்டது என்பதற்கு அது அடையாளம். முழுதாகப் போய் மோதியிருந்தால் ஒரே பள்ளம்தான் இருக்கும்.

மேகத்துக்குள்ளே

ரேடாரையும் வானொலிப் பதிவையும் வைத்துப் பார்த்ததில், விமானம் நேராக ஆறாம் நிலை இடிமேகத்துக்குள் போயிருக்கிறது. மழையின் வேகத்தை ஒன்று முதல் ஆறு வரை வகுத்தால் ஆறுதான் உச்சி. ஏழு கிடையாது.

சிங்கப்பூர்க்காரனுக்கு இடிமேகம் பற்றிப் பாடம் எடுக்கத் தேவையில்லை. ஆனாலும் கீழே இருந்து பார்ப்பது வேறு, உள்ளே இருப்பது வேறு. நம் எல்லாருக்கும் நினைவிருக்கும் ஒன்றைச் சொல்கிறேன். 2024 மே 21 அன்று லண்டனிலிருந்து சிங்கப்பூருக்கு வந்துகொண்டிருந்த சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் எஸ்கியூ321 விமானம். மியன்மாரின் ஐராவதிப் படுகைக்கு மேலே 37,000 அடியில், இடிமேகம் வளர்ந்துகொண்டிருந்த பகுதியைக் கடந்திருக்கக்கூடும் என்கிறது நம் புலனாய்வுப் பிரிவின் முதற்கட்ட அறிக்கை. 0.6 வினாடியில் விசை +1.35 ஜியிலிருந்து –1.5 ஜிக்குப் போனது. கண் இமைக்கும் நேரம் என்பார்களே, அவ்வளவுதான். வார் மாட்டாதவர்கள் கூரைக்குப் போனார்கள். ஒருவர் உயிரிழந்தார். அது ஒரு போயிங் 777.

அந்தக் கணக்கை நாலு இருக்கை செஸ்னாவுக்குப் போட்டுப் பாருங்கள். இடிமேகத்துக்குள் காற்று நிமிடத்துக்கு 3,000 அடிக்கு மேல் ஏறவும் இறங்கவும் செய்யும். ஏறும் தூணும் இறங்கும் தூணும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவும் இடத்தில்தான் இறக்கை முறியும். முழு விசையில் ஏறினாலும் அந்த விமானத்தால் இறங்கும் காற்றோடு போட்டி போட முடியாது. வெளியே வெள்ளையும் கறுப்புமாக ஒன்றும் தெரியாது. எது மேல், எது கீழ் என்று காது பொய் சொல்லும், கருவி மட்டும் உண்மை சொல்லும். ஆனால் அந்தக் குலுக்கலில் கருவியின் முள்ளைக் கண் பிடித்தால்தானே!

கடுமையான இடிமேகத்திலிருந்து குறைந்தது 20 மைல் தள்ளிப் போ என்பதுதான் அமெரிக்க விமானிகளுக்கான அறிவுரை. உள்ளே மாட்டிக்கொண்டால் திரும்பாதே, நேராகப் போய் வெளியேறு என்றும் சொல்கிறார்கள். திரும்பும்போது இறக்கைக்குச் சுமை கூடும். கிராஸ்ஃபீல்டுக்கு இதெல்லாம் தெரியாதா? அவர் இதை எழுதியவர்களுக்கே பாடம் எடுக்கக்கூடியவர். திரும்பக் கேட்ட நேரத்தில் தாம் ஏற்கெனவே உள்ளே இருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருக்காது என்றே நினைக்கிறேன். சுற்றிலும் மேகம் பரவியிருக்கும்போது அதற்குள் ஒளிந்திருக்கும் இடிமேகத்தைக் கண்ணால் பார்க்க முடியாது.

அந்த வாக்கியம்

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2007 செப்டம்பரில் தன் முடிவைச் சொன்னது. விமானி வழியில் வானிலைத் தகவலைப் புதுப்பித்துக்கொள்ளத் தவறினார், அதனால் கடுமையான இடிமேகங்கள் பரந்திருந்த பகுதிக்குள் தொடர்ந்து பறந்தார். கட்டுப்பாட்டாளர், விதிமுறைப்படி செய்ய வேண்டிய வானிலைத் தவிர்ப்பு உதவியைச் செய்யத் தவறினார். இரண்டும் சேர்ந்துதான் விமானத்தை இடிமேகத்துக்குள் கொண்டுபோயின, கட்டுப்பாடும் போனது. ஆங்கிலத்தில் இது ஒரே வாக்கியம். முற்றுப்புள்ளி ஒன்றுதான்.

"அங்கிள், நீங்களே சொல்லுங்க, திரையில தெரியும்ல?" என்றான் அக்கா மகன்.

அண்ணன் சும்மா விடவில்லை. "தெரியும்பா. ஆனா கன்ட்ரோலருக்கு முதல் வேலை என்ன? ஒரு விமானம் இன்னொண்ணு மேல மோதாம பாத்துக்கிறது. வானிலை சொல்றது அதுக்கு அடுத்தது. இருபது விமானம் ஒரே நேரத்துல விலகணும்னு கேக்கும்போது நீ வந்து உக்காந்து பாரு." சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தார். பிறகு, மெதுவாக: "இருந்தாலும் சொல்லியிருக்கணும். சொல்றதுக்கு அஞ்சு செகண்டு."

நான் அந்த அண்ணனை மதிப்பது இதற்காகத்தான்.

மேசையில் யாரும் கேட்காத ஒன்று எனக்கு உறுத்தியது. கட்டுப்பாட்டாளர் முன்னால் திரை இருந்தது, மழை அதில் தெரிந்தது. தனக்கு முன்னால் இருப்பதை விமானி தானும் பார்த்துக்கொண்டிருப்பார் என்று அவர் நினைத்திருக்கலாம். விமானியோ, மோசமாக ஏதாவது இருந்தால் கீழே இருப்பவர் சொல்வார் என்று நினைத்திருக்கலாம். கல்யாண வீட்டில் சாம்பாருக்கு உப்பு போட்டாச்சா என்று இரண்டு சமையல்காரர்களும் ஒருவரையொருவர் நம்பிய மாதிரி. இரண்டு மனங்களிலும் என்ன ஓடியது என்று எந்தப் பதிவும் சொல்லாது, இது என் ஊகம்தான். ஆனால் பட்டறையில் நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இந்த வகை. ஒருவருக்கும் தெரியாததால் நடந்தவை அல்ல, இன்னொருவருக்குத் தெரியும் என்று இருந்ததால் நடந்தவை.

வயதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஆட்கள் முதலில் அங்கேதான் கை வைப்பார்கள். "84 வயசுல எதுக்கு ஓட்டணும்?" அறிக்கை தன் முடிவில் வயதைக் காரணமாகச் சொல்லவில்லை. 34 வயதுக்காரர் அதே விமானத்தில் அதே நிமிடம் அதே மேகத்துக்குள் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்? இதேதான். வேண்டுமானால் ஒன்று சொல்லலாம், இது என் கருத்து மட்டுமே: அத்தனை வெடிப்புகளிலிருந்து எழுந்து நடந்தவருக்கு, ஒரு புதன்கிழமைக் காலையில் வீட்டுக்குப் போகிற பயணம் ஆபத்து என்று தோன்றுவது கடினம். எக்ஸ்-15 பறக்கும் நாளில் ஒவ்வொரு நிமிடமும் ஒரு கூட்டமே காற்றை அளந்து சொல்லும். செஸ்னாவில் அந்தக் கூட்டம் இல்லை. கேட்டால்தான் கிடைக்கும்.

துவாஸ் தம்பி

சுமத்ரா என்று நாங்கள் அழைக்கும் நம்மூர் இடிமழைக் காற்றைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. மலாக்கா நீரிணையில் இடிமேகங்கள் வரிசை கட்டி, விடியலிலோ காலையிலோ மேற்கிலிருந்து வந்து தீவைத் துடைத்துக்கொண்டு போகும். சிலேத்தார் வடகிழக்கில் இருப்பதால் மேற்கே உள்ள துவாஸும் ஜூரோங்கும் நனைந்த பிறகுதான் எங்கள் முறை வரும். முதலில், காற்றின் திசை காட்டும் காற்றுப்பை சோர்ந்து தொங்கும். வெக்கை சட்டென்று அடங்கும். ஜோகூர்ப் பக்கம் மை தீட்டிய மாதிரி ஒரு கோடு. பிறகு காற்றுப்பை படக்கென்று எதிர்ப்பக்கம் விறைத்துக்கொள்ளும். அந்தக் கணத்தில் நீங்கள் விமானத்தைக் கட்டிப்போடக் கயிறு தேட ஆரம்பித்தால், தாமதமாகிவிட்டது என்று அர்த்தம்.

1990களில் நான் வேலை பார்த்த பட்டறையில் எங்களுக்கு வானிலை நிலையம் ஒன்று இருந்தது. அதன் பெயர் துவாஸ் தம்பி. எங்கள் மெக்கானிக் ஒருவரின் தம்பி, துவாஸ் கப்பல் பட்டறையில் வேலை. அங்கே காற்று திரும்பியதும் போன் வரும்: "அண்ணே, கட்டிப் போடுங்க." நாங்கள் ஓடிப்போய் இறக்கைக் கயிறு, வால் கயிறு, சக்கரக் கட்டை, வேகத்தை அளக்கும் பிட்டோ குழாய்க்கு மூடி, சுக்கானுக்குப் பூட்டு என்று எல்லாம் முடிப்பதற்கும் முதல் துளி விழுவதற்கும் சரியாக இருக்கும்.

ஒருநாள் போன் வரவில்லை. தம்பி விடுப்பில் ஊருக்குப் போயிருந்தது அவன் அண்ணனான அந்த மெக்கானிக்குக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியாது. பலகையில் யாரோ "மழை மதியத்துக்கு மேல்" என்று எழுதியிருந்தார்கள். காலையில் எழுதியதா, முந்தைய நாள் எழுதியதா, யாருக்கும் தெரியாது. எல்லாரும் அதைப் படித்தோம், எல்லாரும் நம்பினோம். பத்தே காலுக்குக் காற்று ஒரு விமானத்தின் வாலைத் தூக்கித் திருப்பி, இறக்கை நுனியை வேலை ஏணியில் கொண்டுபோய்த் தேய்த்தது. உயிர்ச்சேதம் இல்லை. எனக்கு மூன்று வாரம் ரிவெட் அடிக்கும் வேலை. மறுநாளிலிருந்து அந்தப் பலகையில் எழுதுகிறவர் மணியையும் எழுத வேண்டும் என்று ஃபோர்மன் உத்தரவு போட்டார்.

இன்றைய குட்டி விமானங்களில் வானிலை ரேடார் படம் திரையிலேயே வந்துவிடுகிறது, பிறகென்ன கவலை என்று அக்கா மகன் கேட்டான். நியாயமான கேள்விதான். ஆனால் அதே அமெரிக்க வாரியம் 2012இல் விமானிகளை எச்சரித்தது: தரையிலிருந்து அனுப்பப்படும் அந்தப் படம், திரையில் ஒரு நிமிடம் பழசு என்று காட்டினாலும், உள்ளே உள்ள தகவல் 15 முதல் 20 நிமிடம் வரை பழசாக இருக்கலாம். படத்தின் வயது என்பது பல ரேடார் தகவல்களைச் சேர்த்துப் படம் தைக்கப்பட்ட நேரம், மழை அளக்கப்பட்ட நேரம் அல்ல. வேகமாக நகரும் இடிமேகம் அந்த இருபது நிமிடத்தில் தீவின் நடுவே உள்ள புக்கிட் தீமாவிலிருந்து கிழக்கே உள்ள பிடோக்குக்குப் போய்விடும். படத்தில் இன்னும் புக்கிட் தீமாவில்தான் நிற்கும்.

போன வாரம் அவன் வந்தபோது தொடையில் கட்டிக்கொள்ளும் குறிப்புப் பலகையைக் கொண்டுவந்திருந்தான். பறக்காமல் திரும்பிய நாள். தாளில் காற்று, மேகம், மழை என்று மூன்று வரி, மூன்றுக்கும் பக்கத்தில் பென்சிலில் 8.50 என்று போட்டு, அதை அடித்து 9.20, அதையும் அடித்து 9.40. கடைசியாகக் கேட்டபோது கோபுரத்திலிருந்து என்ன சொன்னார்கள் என்று அண்ணன் விசாரித்தார். "மேற்கே ஒரு வரிசை வருதுன்னாங்க அங்கிள். நான் கேட்டதுக்கு அப்புறம்தான் சொன்னாங்க."

அண்ணன் தாளை வாங்கி 9.40ஐ மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எல்லாருக்கும் இன்னொரு சுற்று தே தாரிக் சொன்னார்.